அமைதியில் சரிபார்க்காதே

உடுமலைப்பேட்டையில் ஒரு மருமகள் சொல்லாத வார்த்தையை மாமியார் தன் காதால் கேட்டுவிட்டார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். சொல்லாததைச் சொன்னதாகச் சாதிக்கிற மாமியார்கள் ஊருக்கு ஊர் உண்டு, சொன்னதையே சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிற மருமகள்களும் உண்டு. அதற்காக யாரும் பீளமேட்டில் இருக்கிற ஒரு கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் சொல்வதில்லை. ஆனால் இந்த மாமியாரின் காதைச் செய்து கொடுத்ததே அந்தக் கம்பெனிதான்.

போனை எடுத்தவர் முதலாளி மருதாசலம். அவருடைய அப்பா மோட்டார் பம்ப் செய்தவர். "எங்கப்பா செஞ்ச பம்ப்பை நாலு பேர் சேந்து தூக்கோணும். நான் செய்யறது தும்முனா காணாமப் போயிரும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அவர் செய்வது மணல் அளவுச் சில்லு. காது கேளாதவர்களின் உள்காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அதற்குள் ஒரு சவ்வு இருக்கிறது. சத்தம் பட்டால் சவ்வு ஆடும், ஆட்டம் மின்சாரமாகி நரம்புக்குப் போகும், மனிதருக்குக் காது கேட்கும். காதுக்குப் பின்னால் தோலின்மேல் காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற சின்ன வில்லையில் பேட்டரி. அவ்வளவுதான் கருவி.

"வாணி, நீயே ஒரு எட்டு உடுமலைக்குப் போயிட்டு வந்துரு" என்றார் மருதாசலம். "வெள்ளிக்கெழம அனுமதி குடுக்கறதுக்கு டெல்லியில இருந்து கமிட்டி வருது. இந்த நேரத்துல மாமியா மருமக பஞ்சாயத்தெல்லாம் நம்ம தலையில ஏறப்படாது."

"அது குடும்பச் சண்டைங்க சார். சில்லுல ஒண்ணும் இருக்காது."

"அதத்தான் அவிங்க வாயாலயே சொல்ல வெச்சுட்டு வாங்கறேன்."

கோகிலவாணி அந்தக் கம்பெனியில் சிமுலேஷன் பார்ப்பவள். சில்லைச் செய்வதற்கு முன்னால் அதைக் கணினிக்குள்ளேயே செய்து, ஆட்டி, வளைத்து, உடைத்துப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று சொல்வது அவள் வேலை. கம்பெனியில் அவளுக்கு மரியாதை ஜாஸ்தி. காரணம் உண்டு. ஆரம்பத்தில் அந்த வில்லையின் பேட்டரி மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துபோகும். இப்போது ஒரு வாரம் வருகிறது. அந்த வித்தையைக் கண்டுபிடித்தவள் கோகிலவாணிதான்.

சோதனைக்காகக் கருவி வைத்துக்கொண்ட சிலரில் அவள் புருஷன் சம்பத்தும் ஒருவன். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவன். கல்யாணமான கொஞ்ச வருஷத்தில் ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. உயிரைக் காப்பாற்றிய மருந்து காதைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிக்கொண்டான். எந்நேரமும் பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள், இவளுக்கு உள்ளூர இனிக்கும். ஆனாலும் அவனுக்கு மறுபடி காது கேட்க வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

காது வந்தது. வந்த நாளிலிருந்து வீடு சொர்க்கமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வாணி மனசில் நினைத்ததை வெளியே சொல்வதற்குள் பொழுது போய்விடும். அவள் சுபாவம் அப்படி. தொண்டை வரைக்கும் வரும், சரி விடு என்று மென்று விழுங்கிவிடுவாள். இப்போதோ சம்பத் அவள் மனசுக்குள் புகுந்து பார்த்தவன் போல நடந்தான். அவினாசியில் நாத்தனார் வீட்டு விசேஷம். போகப் பிடிக்கவில்லை, எப்படிச் சொல்வது என்று இவள் தவித்துக்கொண்டிருந்தபோது, "நீ வர வேண்டாம் அம்மிணி, படுத்துத் தூங்கு. நான் போயி மொகத்தக் காட்டிட்டு வந்தர்றேன்" என்றான். டிவியில் செய்திக்காரர்கள் கத்திச் சண்டை போடும்போது இவளுக்குத் தலை வலிக்கும், அவன் தானே எழுந்து அணைப்பான். கூட வேலை பார்க்கிறவர்களிடம், "எங்கூட்டுக்காரரு இப்பெல்லாம் நான் நெனைக்கறதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சர்றாருங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்தப் பூரிப்போடுதான் உடுமலைக்குக் கம்பெனிக் காரில் ஏறினாள்.

உடுமலையில் சரோஜினி டீச்சர் கூடத்து நாற்காலியில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மருமகள் பிரபாவதி அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழுது கண் வீங்கியிருந்தது.

"நான் கத கட்டறவ இல்ல கண்ணு" என்றார் டீச்சர். "கண்ணாடி எங்க வெச்சேன்னு இவகிட்டக் கேட்டேன். 'இந்தக் கெழவிக்கு எத்தன தடவதான் சொல்றது'ன்னா. தெளிவா, இவ கொரல்லயே, என்ற காதுல விழுந்துச்சு."

"சொல்லலைங்க" என்றாள் பிரபா. "எங்க கொழந்த மேல சத்தியமாச் சொல்லலைங்க."

"அப்ப என்ற காது பொய் சொல்லுதா?"

வாணி பிரபாவைத் தனியாக அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் குடிக்க வைத்து, மெதுவாகக் கேட்டாள். "உள்ளதச் சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

பிரபா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நெனச்சேனுங்க. அது நெசம். சொல்லறதுக்கு வாயக் கூட எடுத்துப்போட்டேன். அப்பறம் பாவம், வயசானவிங்கன்னு முழுங்கிட்டேன். நெனச்சதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?"

வாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயை எடுத்தாள், விழுங்கினாள். ஆனால் டீச்சர் காதில் கேட்டிருக்கிறது. அவள் கூடத்துக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை விரித்தாள். டீச்சரின் வில்லையோடு இணைத்து, அந்த நேரத்துப் பதிவை எடுத்தாள். இரண்டு கோடுகள். மேலே, சவ்வு உண்மையில் ஆடிய ஆட்டம். கீழே, நரம்புக்குப் போன ஒலி. மேல்கோட்டில் ஒரு மூச்சு, உதடு பிரிகிற சின்ன ஓசை, அதற்குப்பின் ஒன்றுமில்லை. கீழ்க்கோட்டில் முழு வாக்கியம். ஒலிபெருக்கியில் போட்டாள். பிரபாவின் குரல், அட்சரம் பிசகாமல், கிழவிக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்று அலுத்துக்கொண்டது.

பிரபா வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் எழுந்து மேஜைக்கு வந்தார். வாணியோ அதையே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். தான் செய்த பொருள் தனக்கே தெரியாத ஒன்றைச் செய்வதைக் கண்ணால் பார்க்கிற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"என்ன பண்ணுது இது? எனக்குப் புரியறாப்பல சொல்லு" என்றார் டீச்சர். "கணக்குன்னா பயப்படாதே, எனக்கு வரும்."

"டீச்சர், ஒரு சவ்வு எப்படி ஆடும்னு கணினியில பாக்கறதுக்கு, அத லட்சம் துண்டா வெட்டுவோம். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்ட எப்படி இழுக்குது, நடுவுல மாட்டுன காத்து எப்படித் தடுக்குது, மின்சாரம் எப்படி இழுக்குதுன்னு கணக்குப் போடணும். ஒரு தும்மலுக்குக் கணக்குப் போட ராத்திரி பூரா மெஷின் ஓடும்."

"சரி."

"நான் பாத்தேன், லட்சம் துண்டு இருந்தாலும் அது ஆடற ஆட்டம் என்னமோ ஏழெட்டு தினுசுதான். அந்த ஏழெட்ட மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தத் தள்ளிட்டேன். கணக்கு சிறுசாயிருச்சு. அந்தச் சில்லுக்குள்ளயே ஓடற அளவுக்குச் சிறுசு. நெசமான சவ்வ விட வேகமா ஓடுச்சு."

"அதாவது, சவ்வு ஆடறதுக்கு முன்னயே அது எப்படி ஆடும்னு சில்லுக்குத் தெரிஞ்சிருது."

"அதேதான் டீச்சர். அப்ப எதுக்குப் பேட்டரியச் செலவு பண்ணி எந்நேரமும் சவ்வக் கேட்டுட்டு இருக்கணும்? கணக்கையே நரம்புக்குக் குடுத்தறலாம். சவ்வ அப்பப்ப எழுப்பி, கணக்கு சரியான்னு மட்டும் பாத்துக்கலாம். இன்னுங் கொஞ்சம் முன்னாடி தெரியோணும்னா, சவ்வ ஆட்டறது காத்து, காத்த ஆட்டறது பேசறவங்க தொண்ட. அதனால கூட இருக்கறவங்க தொண்டையையும் சில்லு கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கும். அவங்க மூச்சு எடுக்கறதுலயே என்ன பேசப்போறாங்கன்னு தெரிஞ்சுக்கும்."

டீச்சர் விரலை நீட்டினார், வகுப்பில் தப்பைக் கண்டுபிடித்தவர் மாதிரி. "இவ பேசலையே. சரிபாக்கறப்ப மாட்டியிருக்கணுமே."

அந்தக் கேள்விதான். ஏன் மாட்டவில்லை என்று வாணிக்கு உடனே தெரிந்துவிட்டது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தப்பு எத்தன சதவீதம்னு பாப்போம் டீச்சர். கணக்குக்கும் நெசத்துக்கும் இருக்கற வித்தியாசத்த, நெசத்தால வகுக்கணும். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. ஆனா ஆருமே பேசலைன்னா நெசம் பூஜ்யம்."

"பூஜ்யத்தால வகுக்க முடியாது."

"முடியாது. மொதல் சோதனையிலயே மெஷின் திணறி நின்னுருச்சு. அதனால ஒரு வரி எழுதிச் சேத்தேன். அமைதியா இருந்தா சரிபாக்காதேன்னு. அமைதியில கேக்கறதுக்கு என்ன இருக்கப்போகுதுன்னு நெனச்சேன்."

டீச்சர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"பிரபா" என்றார். "போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப, 'அத்தைக்கு ஒண்ணும் ஆயிரப்படாது சாமி'ன்னு சொன்னியே. அது சொன்னியா, முழுங்குனதா?"

பிரபா தலையைக் குனிந்துகொண்டாள். "அதையும் சொல்லலைங்க அத்தை" என்றாள் சின்னக் குரலில். "கூச்சமா இருந்துச்சு."

டீச்சர் கையை நீட்டி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். பிறகு வாணியைப் பார்த்தார். "ஆனாலும் இதச் சரி பண்ணிரு கண்ணு. எங்க வீட்டுல தப்பிச்சோம். எல்லா வீட்டுலயும் தப்பிக்க மாட்டாங்க."

கார் பல்லடம் சாலையில் திரும்பி ஓடியது. வாணி காற்றாலைகளைப் பார்த்தபடி, கமிட்டி முன்னால் இதை எப்படிச் சொல்வது, எந்த வரியை எப்படி மாற்றுவது என்று மளமளவென்று திட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். பெரிய கண்டுபிடிப்பு இது. வாய் திறப்பதற்கு முன்னாலேயே பேச்சைப் பிடிக்கிற காது உலகத்தில் எங்கே இருக்கிறது? அப்படி மிதந்துகொண்டே வந்தவளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

அவினாசி விசேஷத்துக்குப் போக வேண்டாம் என்று அவள் சம்பத்திடம் சொல்லவேயில்லை. சொல்ல வாயெடுத்தாள், அவ்வளவுதான். டிவியை அணைக்கச் சொல்லவில்லை. தோசைக்குக் காரச் சட்னி வேண்டும் என்று சொல்லவில்லை. கோபம் வந்தபோது, "உங்க அக்காளுக்கு மட்டும் ஓடி ஓடிச் செய்யறீங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்கு மறுநாள் அவன் தானே வந்து, "நான் இனிமே பாத்து நடந்துக்கறேன்" என்றபோது அவள் உருகிப்போனாள். மனசைப் படிக்கிற புருஷன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாளே, அவன் படித்தது அவள் மனசை இல்லை. அவள் எழுதிய ஒரு வரியின் ஓட்டை வழியாக ஒழுகியதைத்தான் அவன் கேட்டிருக்கிறான்.

வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னும் என்னென்ன கேட்டிருப்பான் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அப்புறம் இன்னொரு சந்தேகம் வந்தது, அது சிரிப்பைக் கொன்றுவிட்டது. உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் பிடித்தவன் அவன். உதடு அசையாமல் குரல் வருவது எப்படி அவன் கண்ணுக்குத் தப்பியது? தப்பத்தான் செய்யும். காது வந்ததிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்ப்பதேயில்லை. பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறான். சொர்க்கத்தில் இருந்ததால் இவளும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் மருதாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள், சம்பத் விஷயம் தவிர. கேட்கக் கேட்க அவர் கண் விரிந்துகொண்டே போனது.

"இத எதுக்குச் சரி பண்ணோணும்?" என்றார்.

"சார்?"

"யோசிச்சுப் பாரு. வேலைக்கு ஆள் எடுக்கறோம். வர்றவன் என்னத்த முழுங்கறான்னு கேட்டா எப்படி இருக்கும்? பொண்ணு பாக்கப் போறோம், பொண்ணு வீட்டுக்காரன் என்ன சொல்ல வந்து நிறுத்தறான்னு தெரிஞ்சா? போலீஸு, கோர்ட்டு. செவிடங்களுக்கு மட்டும் எதுக்கு, காது கேக்கறவனெல்லாம் வரிசையில வந்து நிப்பான்."

"அது அவங்க சொன்னதில்ல சார். சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணுனது. கோவத்துல வாய் வரைக்கும் வந்தத நிறுத்துனாங்க பாருங்க, அந்த நிறுத்தறதுதான் மனுசன். அத விட்டுப்போட்டு நிறுத்துனத மட்டும் எடுத்துக் குடுக்கறது திருட்டு. அதுவுமில்லாம சில்லு தப்பாவும் சொல்லலாம். 'நான் அத நெனைக்கவே இல்ல'ன்னு ஆரால நிரூபிக்க முடியும்?"

"ஒலகமே இதத் தேடிட்டு இருக்குது, நீ நீதிக் கத சொல்லற. கமிட்டி போற வரைக்கும் ஒண்ணையும் தொடாதே."

அவர் அறை மேஜையில் பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு சோதனைச் சில்லு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பல மாசமாக ஓடுகிறது. ஆபீஸில் இருக்கிற அத்தனை தொண்டையும் அதற்குப் பாடம். அதோடு இணைத்த ஹெட்போனை எடுத்து வாணி அவரிடம் நீட்டினாள்.

"மத்தியானம் வரைக்கும் இதப் போட்டுக்கிட்டு எல்லார்கிட்டயும் எப்பவும் போலப் பேசுங்க சார். அப்பறம் விக்கலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

மருதாசலம் சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொண்டார். டிரைவர் வந்து சாவி கொடுத்தான். கணக்குப்பிள்ளை கையெழுத்து வாங்கினார். கொள்முதல் பிரிவில் இருக்கிற மாப்பிள்ளை வந்து, "மாமா, நீங்க சொன்னாப்பலயே செஞ்சர்லாங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அறைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் வர வர முதலாளியின் முகம் ஒவ்வொரு சுற்றாக வாடியது. மாப்பிள்ளை போன பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். அவர் என்ன கேட்டார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மதியத்துக்கு முன்னாலேயே அழைப்பு வந்தது. "இன்னைக்கே சரி பண்ணிரு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "அத்தன காதுக்கும் இன்னைக்கே அனுப்பு. கமிட்டிகிட்ட நீயே சொல்லிரு, மறைக்க வேண்டாம்."

திருத்தம் சின்னதுதான். அமைதியாக இருந்தாலும் சரிபார், வகுக்காமல் நேர் வித்தியாசத்தை மட்டும் பார். எழுதி, ஓட்டிப் பார்த்து, பிரபாவின் பழைய பதிவைக் கொடுத்துச் சோதித்தாள். மூச்சு வந்தது, உதடு பிரிந்தது, அதன்பின் நரம்புக்கு ஒன்றும் போகவில்லை. கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு காதாகத் திருத்தத்தை அனுப்பினாள். சம்பத்தின் பெயர் வந்ததும் கை நின்றுவிட்டது.

ஒரே ஒரு காதை விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவள் விழுங்கியது, அவள் தொண்டை, அவள் புருஷன். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவனுக்குக் கேட்கிறது. அவளால் வாய்விட்டுக் கேட்க முடியாது, அது அவளுக்கு வராது. இதை அனுப்பிவிட்டால் நாளையிலிருந்து மறுபடியும் மென்று மென்று விழுங்கிக் கிடக்க வேண்டியதுதான். அவள் அனுப்பாமல் மடிக்கணினியை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் சம்பத் பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். வாணி எதிரில் போய் நின்றாள். சொல்லத்தான் வேண்டுமா என்ற நினைப்பு வந்தது, வாயெடுத்தாள்.

"என்னத்தச் சொல்லத்தான் வேணுமான்னு யோசிக்கற?" என்றான் அவன், போனைப் பார்த்தபடியே.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். உடுமலை, பூஜ்யம், அந்த ஒரு வரி, அவினாசி, டிவி, எல்லாம். சொல்லச் சொல்ல அவன் போனைக் கீழே வைத்தான். முகம் கறுத்துப்போனது.

"அப்ப இத்தன நாளா நீ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்ல வந்தேனுங்க."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா வாணி? காது வந்ததுக்கு அப்பறம்தான் எம் பொண்டாட்டி எங்கிட்ட மனசு தொறந்து பேசறான்னு நெனச்சேன். அவளுக்கு எம்மேல நம்பிக்க வந்துருச்சுன்னு நெனச்சேன். பட்டறையில பசங்ககிட்டச் சொல்லிச் சந்தோசப்பட்டேன்." காதுக்குப் பின்னால் இருந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தான். "எல்லாம் மெஷின் பேசுனதா?"

அவளுக்கும் அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. இந்தத் தடவை விழுங்கவில்லை. "ஏனுங்க, ஒரு தடவையாவது என்ற மூஞ்சியப் பாத்திருந்தா வாய் அசையலைன்னு தெரிஞ்சிருக்குமில்ல? காது கேக்காதப்ப பாத்துக்கிட்டே இருந்தீங்க. இப்ப பாக்கறதேயில்ல."

அவன் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினான்.

"அனுப்பிரு. இப்பவே."

அனுப்பினாள். அவன் எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே திரும்பிப் போய்விட்டான்.

அதன்பின் வீட்டில் தேவைக்குமேல் பேச்சில்லை. "சாப்பாடு?" என்றால் "ம்". "கெளம்பறேன்" என்றால் "சரி". வாணி பழக்கதோஷத்தில் ஏதேதோ சொல்ல வந்து விழுங்கினாள், அவன் திரும்பவில்லை. டிவியில் சண்டை காதைப் பிளந்தது, அவன் அணைக்கவில்லை. திருத்தம் அருமையாக வேலை செய்கிறது என்று தொழில்காரியாக அவளுக்குத் திருப்தி. பெண்டாட்டியாக வயிறு எரிந்தது. ஒரே ஒரு மாறுதல் இருந்தது. அவன் சில நேரம் ஏதோ கேட்க வருகிறவன் போல நிமிர்ந்து பார்த்தான். அவள் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தது. கமிட்டி முன்னால் நின்று, கருவியின் வெற்றியையும், அதன் வயிற்றுக்குள் தானே வைத்த தப்பையும் அவளேதான் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்தால் நாடு முழுக்க எத்தனையோ பேருக்குக் காது கிடைக்கும். சரியாகச் சொல்லாவிட்டால் அத்தனையும் பாழ். புடவை கட்டி, பையை மாட்டி, வாசலில் செருப்பை இடது வலது மாற்றி மாட்டினாள். சம்பத் கூடத்தில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். இவர் மட்டும் கூட வந்து, கடைசி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று இருந்தது. கூட வாங்க, எனக்குப் பயமா இருக்கு. தொண்டை வரைக்கும் வந்தது. சண்டையில் இருக்கிறவனிடம் எப்படிக் கேட்பது? விழுங்கினாள்.

"சரி, நானும் வர்றேன்" என்றான் சம்பத். "பயப்படாதே."

வாணி மாட்டிய செருப்பை உதறினாள். திருத்தம் வேலை செய்யவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கமிட்டி முன்னால் சரிபண்ணியாகிவிட்டது என்று சொல்லப் போகிறாள், இங்கே அவள் விழுங்கியது அப்படியே அவன் காதில் விழுந்திருக்கிறது. உடுமலையில் என்ன நடக்கிறதோ, மற்ற வீடுகளில் என்ன நடக்கிறதோ. பையைக் கீழே போட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து மடிக்கணினியை விரித்தாள். சம்பத்தின் சில்லைத் தேடினாள். விரல் தப்பித் தப்பி விழுந்தது. இந்தக் காலைப் பதிவு எங்கே? பதிவே இல்லை. சில்லு தொடர்பில் இல்லை என்று திரை சொன்னது.

அவள் நிமிர்ந்து அவன் காதைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் வெறுந்தோல். வில்லை உள்ளே மிக்ஸிக்குப் பக்கத்தில், சார்ஜர் மேல் கிடந்து பச்சையும் சிவப்புமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு இப்போது இடி விழுந்தாலும் கேட்காது.

சம்பத் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணை எடுக்கவில்லை.

"என்ன அப்படிப் பாக்கற?" என்றான். "நேரமாச்சு."

வாணி எழுந்து அவன் எதிரில் போய் நின்றாள். அவனுக்குத் தெரிகிற மாதிரி, நிதானமாக உதட்டை அசைத்து, வாய்விட்டுச் சொன்னாள்.

"கூட வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அதான் வர்றேன்னு சொன்னேனில்ல" என்றான் அவன். "வண்டிச் சாவிய எடு."